மேல்வெள்ளம், அடிவெள்ளம்

பாறசாலையில் யாராவது 'கொஞ்சம் வெள்ளம் தாருங்கள்' என்று கேட்டால் பதற வேண்டாம். அவர் கேட்பது குடிக்கத் தண்ணீர். ஊரையே அடித்துக்கொண்டு போவதற்கு மற்ற தமிழர்கள் வைத்திருக்கும் சொல் இங்கே ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடுகிறது. மலையாளத்தின் செல்வாக்கு என்று சொல்லித் தள்ளிவிடலாம்தான். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம், களியக்காவிளையிலும் விளவங்கோட்டிலும் வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. கோடு போட்டவர்கள் நிலத்தை அளந்தார்கள். பேச்சை அளக்க அவர்களுக்கு நேரமில்லை.

இந்த ஊர்களின் குளக்கரைகளில் தூண்டில் போடுகிறவர்களிடம் (மலையாளத்தில் தூண்டிலுக்குச் சூண்ட, விராலுக்கு வரால்) ஒரு வழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். தண்ணீரை ஒன்றாகவே அவர்கள் நினைப்பதில்லை. மேல்வெள்ளம், அடிவெள்ளம் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். "வெள்ளம் காலுல சுட்டா மீனு அடியில கெடக்கும், சாரே" என்றார் ஒரு பெரியவர், குளத்தின் கிழக்குக் கரையிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு மேற்குக் கரைக்கு இடம் மாறிக்கொண்டே. மாலை வெயிலில் மேற்குக் கரைத் தென்னைகளின் நிழல்தான் தண்ணீரின் மேல் விழும் என்பது அவர் கணக்கு.

ஏரி அறிவியலில் இதே விஷயத்துக்கு எபிலிம்னியான், ஹைப்போலிம்னியான் என்று கிரேக்க வேரிலிருந்து பெயர்கள் உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இவை வயிற்றைக் கலக்கும் சொற்கள். கலைச்சொல் அகராதியைப் புரட்டுவதற்கு முன் குளக்கரைக்கு ஒரு நடை போய்வருவது நல்லது என்பது என் கட்சி.

ஒரு குளத்துத் தண்ணீர் ஏன் இரண்டாகப் பிரிகிறது? வெயில்தான் முதல் காரணம். சூரியனிலிருந்து வரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் முதல் ஒரு மீட்டருக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். தண்ணீர் கலங்கலாகவோ பாசி பிடித்துப் பச்சையாகவோ இருந்தால் இன்னும் மேலேயே நின்றுவிடும். சூடான நீர் இலேசானது, மிதக்கும். குளிர்ந்தது கனம், அடியில் தங்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். பள்ளிக்கூடம் அதிகம் வலியுறுத்தாதது ஒன்று உண்டு. தண்ணீர் மிக அதிக அடர்த்தியோடு இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அந்த நிலையிலிருந்து ஒரு டிகிரி ஏறினால் அடர்த்தியில் உண்டாகும் மாற்றம் மிகச் சொற்பம். ஆனால் 29 டிகிரியிலிருந்து 30க்கு ஏறும்போது உண்டாகும் மாற்றம் அதைப்போல் 30 மடங்குக்கும் அதிகம். குளிர்நாட்டு ஏரியில் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் செய்கிற வேலையை நம் ஊர்க் குளத்தில் இரண்டு மூன்று டிகிரியே செய்துவிடும். மேல்வெள்ளம் அடிவெள்ளத்தின் மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துவிட்டு 'வெப்பநாட்டுக் குளங்களில் இதெல்லாம் பெரிதாக இருக்காது' என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியம் தரலாம்.

மூடியைத் திறக்கிறவை இரண்டு: ராத்திரியும் காற்றும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதை அது மிச்சத் தண்ணீரிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மண்பானை செய்வதும் அதுவே. இரவில் இப்படி ஆறிக் கனத்த மேல்நீர் கீழே இறங்க, அடிநீர் மேலே வர, ஆழமில்லாத குளம் விடிவதற்குள் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. காற்று வீசினால் வேலை இன்னும் சுலபம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றில் தோவாளைப் பக்கத்துக் குளங்கள் அலையடித்துக்கொண்டிருக்கும். பாறசாலைப் பக்கத்துக் குளங்களுக்கு அந்தப் பாக்கியம் குறைவு. தென்னையும் ரப்பரும் நாலு பக்கமும் நெருங்கி நிற்கும் பள்ளத்தில் கிடப்பவை அவை. காற்று மேலோடு போய்விடும்.

சூரியன் இந்த ஊர்களுக்கு நேர் உச்சியில் வருவது வருஷத்தில் இரண்டு முறை: ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை. ஆகஸ்டில் மேகம் காப்பாற்றிவிடும். சித்திரையில் காப்பாற்ற ஆளில்லை. அப்போது குளத்தில் தண்ணீரும் குறைந்திருக்கும். ஆழம் பாதியானால் அதே வெயில் பாதித் தண்ணீரைத்தானே காய்ச்ச வேண்டும்? நெய்யாறு அணை 1958இல் கட்டி முடிந்தது. அதிலிருந்து விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் 2004இல் நின்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரைக்கும் போனது. அந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணீர்க் கணக்குச் சொல்வார்கள், நியாயம்தான். குளம் வற்றினால் மிச்சமிருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்பது எந்த மனுவிலும் இடம்பெறுகிற விஷயமல்ல. தூண்டில்காரருக்கு மட்டும் அது காலில் தெரியும்.

இன்னொன்றும் காலில்தான் தெரியும்: ஊற்று. நிலத்தடி நீரின் வெப்பம் வருஷம் முழுவதும் அந்த ஊரின் சராசரியை ஒட்டியே நிற்கும். வெயில் காலத்தில் குளத்துக்குள் நடந்தால் ஓரிடத்தில் கணுக்கால் திடீரென்று சில்லிடும். அங்கே ஊற்று இருக்கிறது. அதே இடம் மார்கழி விடியற்காலையில் வெதுவெதுப்பாக இருக்கும். ஊற்று மாறவில்லை, சுற்றியிருக்கும் தண்ணீர்தான் மாறியிருக்கிறது. பழைய ஆட்கள் அந்த இடங்களைப் பிள்ளைகளுக்குக்கூட லேசில் சொல்லமாட்டார்கள். மீன் அங்கேதான் கூடும்.

மீன் ஏன் கூட வேண்டும்? அதற்குச் சொந்த உடம்புச் சூடு கிடையாது. தண்ணீரின் சூடே அதன் சூடு. பத்து டிகிரி ஏறினால் உடம்பின் வேலை ஏறத்தாழ இரட்டிப்பாகும்; செரிமானம் விரைவாகும்; பசி கூடும்; பிராணவாயுவின் தேவையும் கூடும். சிக்கல் இங்கேதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்க முடியும். 30 டிகிரியில் ஏழரைதான். செலவு இரட்டிப்பாகும்போது வரவு குறைகிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓரளவு வரைக்கும் சூடு ஏற ஏற மீன் நன்றாகக் கொத்தும். அந்த எல்லை தாண்டியதும் வாயைத் திறக்காது. இரை எதிரே தொங்கினாலும் அதைத் துரத்துவதற்கு மூச்சு வேண்டுமே.

மேல்நாட்டுத் தூண்டில்காரர்கள் ஒரு நூலில் தெர்மாமீட்டரைக் கட்டி ஏரிக்குள் இறக்கிப் பார்ப்பதன் ரகசியம் இது. அவர்களுடைய செல்ல மீன் டிரவுட். 20 டிகிரிக்கு மேல் அது தவிக்கும், 25ஐ நெருங்கினால் பிழைப்பது சிரமம். அந்த மீனை இங்கே கொண்டுவர வெள்ளைக்காரர்கள் பட்ட பாடு தனிக் கதை. 1863இல் ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே நீலகிரிக்காக முயன்றார், பலிக்கவில்லை. பின்னால் வேறு சிலரும் முயன்றார்கள். கடைசியில் எச்.சி. வில்சன் காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்ட பிறகுதான் வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது. தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் மூணாறிலும் அதை வளர்த்தார்கள். ஊட்டியிலும் மூணாறிலும் நிற்கிற அது மலையை விட்டு இறங்கவே இல்லை. இறங்கினால் நம் குளத்துத் தண்ணீர் அதற்குக் கொதிநீர்.

எல்லா வெள்ளைக்காரர்களும் டிரவுட் மோகத்தில் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ், 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மங்களூரில் அச்சானது அது. 1887இல் குளத்து மீன்களுக்காகவே தனியாக இன்னொரு புத்தகம் போட்டார். கலெக்டர் வேலைக்கு நடுவே குளத்து மீனுக்கு ஒரு முழுப் புத்தகம்! நம் மொழியில் அப்படி ஒன்று வந்திருக்கலாம். தொழிலாக மீன் பிடித்தவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் குளத்தில் கால் வைக்கவில்லை.

நம் குளத்து மீன்களின் சாமர்த்தியமே வேறு. வெப்பத்தோடும் மூச்சுமுட்டலோடும் அவை நெடுங்காலத்துக்கு முன்பே ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்டன. விரால், பனையேறிக்கெண்டை, காரி இவையெல்லாம் செவுளோடு காற்றைச் சுவாசிக்கவும் தனி உறுப்பு வைத்திருப்பவை. தண்ணீரில் பிராணவாயு இல்லையென்றால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போய்விடும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி, 1791இல் குளத்தருகே ஒரு பனையின் தண்டில், தரையிலிருந்து ஐந்து அடி உயரத்தில் பனையேறிக்கெண்டையைக் கண்டதாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். ஐரோப்பாவில் அதை நம்புவதா வேண்டாமா என்று நெடுநாள் பேச்சு நடந்தது. தமிழ்ப் பெயரிலேயே பனை இருக்கிறதே என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். உண்மையில் அது பனை உச்சி வரைக்கும் ஏறுமா என்பது வேறு விஷயம்.

பஞ்சாயத்துக் குளங்களைக் குத்தகைக்கு எடுத்து வளர்க்கும் கட்லா, ரோகு, மிருகால் கெண்டைகளுக்கு இந்த வசதி கிடையாது. கரைந்த பிராணவாயுதான் அவற்றுக்குக் கதி. கட்லா மேலே, ரோகு நடுவில், மிருகால் அடியில் மேய்வது இயல்பு. குளம் மேல்வெள்ளம் அடிவெள்ளமாகப் பிரிந்து நின்றால் அடியில் பிராணவாயு தீர்ந்துபோகும். மிருகாலும் மேலே வந்து நெருக்கும். ராத்திரி முழுவதும் பாசியும் செடியும்கூடப் பிராணவாயுவைச் செலவழிப்பதால் விடியலுக்குச் சற்று முன்னால்தான் வறட்சி உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். பசி என்று நினைத்து அவசரமாகப் புழுவைக் கோத்துப் போடுகிறவர்கள் உண்டு. ஒன்றும் கொத்தாது. அது மூச்சுத் திணறல். குத்தகைக்காரர் அந்தக் காட்சியைப் பார்த்தால் தூண்டில்காரரைத் துரத்த மறந்து மோட்டார் பம்ப்பைத் தேடி ஓடுவார்.

திணறல் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தூரப் போக வேண்டாம். 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீரும் கோடை வெப்பமும் சேர்ந்து பிராணவாயுவைத் தின்றுவிட்டன. 2024 மே மாதம் 20ஆம் தேதி இரவு எர்ணாகுளத்துக்குப் பக்கத்தில் ஏலூர் – பாதாளம் பகுதியில் பெரியாற்று மீன்கள் கூட்டமாகச் செத்தன. கூண்டில் மீன் வளர்த்தவர்களின் முதல் அப்படியே போயிற்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பாதாளம் தடுப்பணையின் ஷட்டரைத் திறந்ததால் பிராணவாயு குறைந்த தண்ணீர் பாய்ந்தது காரணம் என்றது. கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அமோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகச் சொன்னார்கள். ஒரு சாரார் இயற்கை என்றார்கள், மறுசாரார் ஆலை விஷம் என்றார்கள். தூண்டில்காரரின் கண்ணால் பார்த்தால் இந்த இரண்டுக்கும் நடுவே அவ்வளவு பெரிய சுவர் இல்லை. தேங்கிக் கிடக்கும் அடிவெள்ளத்தில் பிராணவாயு தீர்ந்த பிறகு சேற்றிலிருந்து கிளம்புவதே சல்ஃபைடும் அமோனியாவும்தான். ஆனால் சேற்றில் அழுகுவதற்கு அத்தனை சரக்கை யார் கொண்டுவந்து கொட்டினார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 'தண்ணீர் சூடானது, மீன் செத்தது' என்று அறிக்கை எழுதி முடிக்க விடக்கூடாது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைக் குளங்களில் ஆலைகள் கொட்டுவது அநேகமாக இல்லை. இங்கே நடப்பது அரவமில்லாத காரியம். குளத்தைச் சீரமைக்கிறோம் என்று கரை நெடுகிலும் கருங்கல் சுவர் எழுப்புகிறார்கள். வெட்டி எடுப்பது தாழைப் புதர், புன்னை, ஓரத்துப் புல். கைப்பிடிக் கம்பி வைத்து, சாயம் அடித்து, திறப்பு விழாக் கல்லும் பதித்த பிறகு குளம் படத்துக்கு அழகாக இருக்கிறது. நிழல் போயிற்று. ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில், புல்லுக்கு இடையில் கூடு கட்டும் விரால் எங்கே போகும்? பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கருங்கல், சூரியன் மறைந்த பிறகும் நெடுநேரம் தண்ணீருக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. தூர் வாருவது அவசியம், ஆழம் கூடினால் அடிநீர் குளிர்ந்திருக்கும். சுவர் கட்டத் தெரிந்த பொறியாளர் மேற்குக் கரையில் நாலு மரத்தையாவது விட்டுவைக்கக் கற்றுக்கொள்ளலாம்.

நிழலும் குளிர்ச்சியும் போன குளத்தில் மிஞ்சுகிறவை சூட்டைத் தாங்குபவை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, அதாவது நம் ஜிலேபி மீன், 35 டிகிரியையும் சட்டை செய்யாது. ஆப்பிரிக்கக் கெளிறு சாக்கடையிலும் மூச்சு விடும். 'இப்போதெல்லாம் தூண்டிலில் ஜிலேபிதான் மாட்டுகிறது' என்ற அலுப்பை எல்லைக்கு இரண்டு பக்கமும் கேட்கலாம். ஒரு குளத்தின் வெப்பம் என்ன ஆயிற்று என்பதற்கு இதைவிட மலிவான அளவுமானி கிடைக்காது.

அளவுமானி என்றதும் ஒரு யோசனை. குளத்தருகே வசிக்கும் பள்ளிப் பிள்ளைகள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து பார்க்கலாம், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலின் அடியில் கல்லைக் கட்டுங்கள். வாயைத் தக்கையால் மூடி, தக்கையில் தனி நூல். பாட்டிலின் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. வேண்டிய ஆழத்துக்கு இறக்கியதும் தக்கை நூலைச் சுண்டி இழுத்தால் குபுகுபுவென்று குமிழி வரும். அந்த ஆழத்துத் தண்ணீர் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். மேலே தூக்கி உடனே தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது 35 டிகிரிக்கு மேல்தான் பேச ஆரம்பிக்கும். பள்ளி ஆய்வகத்தில் இருப்பது வேண்டும். விடியலில் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை. முதல் தடவை முழத்துக்கு முழம் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டாவது தடவை இருக்கும். அந்த வித்தியாசம் எத்தனையாவது முடிச்சில் தொடங்குகிறதோ, தக்கைக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே அவ்வளவு நூல் விட வேண்டும். பெரியவர்கள் காலால் செய்ததை நூலால் செய்கிறீர்கள், அவ்வளவுதான். நெய்யாறு நீர்த்தேக்கத்தில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம். அது வன உயிர்ச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. தண்ணீரில் முதலையும் இருக்கிறது.

சித்திரை முழுவதும் சூட்டோடு மல்லுக்கட்டிய குளத்துக்கு விடுதலை இடவப்பாதியில். தென்மேற்குப் பருவமழைக்கு இங்கே அதுதான் பெயர், இடவ மாதத்தின் பாதியில் வருவதால். முதல் பெருமழையில் மேல்வெள்ளம் மளமளவென்று ஆறி அடியோடு கலக்கும். வயல்களிலிருந்து புதுத்தண்ணீர் இறங்கும். குளிர்ச்சி, புதுநீரின் வாசம், எதிரோட்டம் எல்லாம் சேர்ந்து மீனுக்கு ஒரே செய்தியைச் சொல்கின்றன. குளத்திலும் ஆற்றிலும் இருந்த விரால், காரி, கெளிறு, பரல் எல்லாம் எதிர்நீச்சல் போட்டு வாய்க்கால் வழியாக வயலுக்கு ஏறும். முட்டையிடப் போகும் ஊர்வலம் இது. மலையாளத்தில் இதற்கு ஊத்த என்று பெயர். விரால் குஞ்சுகள் பிறகு செம்பழுப்புப் பந்துபோல் திரண்டு திரிய, தாயும் தகப்பனும் கீழே காவல் காக்கும். அந்தக் குஞ்சுக் கூட்டத்துக்கு மலையாளத்தில் பார்ப்பு என்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் பறப்பவற்றின், தவழ்பவற்றின் இளமைக்குத் தரும் அதே சொல். தமிழ் எம்.ஏ. வகுப்பில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டது குளக்கரையில் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கிறது.

கேரளத்தில் 2010ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் ஊத்தக் காலத்தில் இப்படி ஏறும் மீனைப் பிடிப்பதைத் தடை செய்கிறது. ஆனால் அந்த முதல் மழை ராத்திரியில் டார்ச் வெளிச்சம் வயல் வரப்பெல்லாம் அலைகிறது. தூண்டிலுக்கு அன்று வேலையே இல்லை. கூடை போதும், சிலர் வெட்டுக்கத்தியோடு நிற்கிறார்கள். பத்து மாதமும் நிழல் எது, ஊற்று எது என்று பார்த்துப் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம் இருப்பதில்லை. பிடிபடுவதில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் சினை இருக்கிறது.